ஹலோ அக்காவும் நூறு சதவீதப் பச்சையும்

என் ஓரகத்தியை எல்லாரும் ஹலோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கூப்பிடுவது வெறும் அக்கா. அவள் வீட்டுக்காரர் மூத்தவர், என் வீட்டுக்காரர் இளையவர். ஒரே வீட்டில் கீழே அவர்கள், மேலே நாங்கள். ஓரகத்திகள் ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் அடித்துக்கொள்ளாமல் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான். அடித்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்ததில்லை. எனக்கு நிறைய இருந்தது, ஆனால் எதிராளி வராமல் தனியாக என்ன செய்ய முடியும்?

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் ஒரு லாரிக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஹலோ, ஹலோ என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் குழம்பு கொதிக்கிறது என்று கூப்பிட்டால்கூட "ஹலோ" என்றுதான் பதில் வரும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு நாள் கம்பெனியில் இயந்திரம் வைத்தார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அதுவே பேசிக்கொண்டது. இவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

நானாக இருந்தால் அந்த இயந்திரத்துக்குச் சாபம் விட்டிருப்பேன். அவள் விடவில்லை. "அது என் வேலையைத்தான் எடுத்துச்சு, என் புத்தியை எடுக்கலையே" என்றாள். கம்ப்யூட்டர், புது போன், எது வந்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பவள் அவள்தான். எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தை போனிலேயே கட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "பாவம், பழைய காலத்து மனுஷி, புதுசு ஒத்துவரவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வேலை போன பிறகு அவள் போய்ச் சேர்ந்த இடம், தனியாக வசிப்போருக்கான துணைச் சங்கம். பெயர்தான் நீளம். இடம் என்னவோ மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு போன், கால் ஆடும் நாற்காலி ஒன்று, சுவரில் இரண்டு பலகைகள். பலகை நிறைய ஆணி. ஆணிக்கு ஒரு சாவி.

சங்கத்தின் வேலை ரொம்ப எளிமையானது. துணைக்கு ஆளில்லாமல் தனியாக இருக்கும் வயதானவர்கள் தங்கள் வீட்டு மாற்றுச் சாவியைச் சங்கத்தில் கொடுத்துவைப்பார்கள். தினமும் காலையில் எழுந்ததும் சங்கத்து எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். காசு செலவில்லை, பேச வேண்டியதில்லை. "நான் இருக்கிறேன்" என்று அர்த்தம், அவ்வளவுதான். மிஸ்டு கால் வந்ததும் ஹலோ அக்கா அவர்கள் சாவியை இடப்பக்கப் பலகையிலிருந்து எடுத்து வலப்பக்கப் பலகையில் மாட்டுவாள். ஒன்பது மணிக்கு மேல் இடப்பக்கத்தில் எந்தச் சாவி தொங்குகிறதோ, அந்த வீட்டுக்கு இவளே போன் செய்வாள். எடுக்கவில்லையென்றால் இரண்டு பேர் சாவியோடு போக வேண்டும். தனியாக யாரும் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். பல நாள் அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

ஹலோ என்று சொல்லவே வழியில்லாத வேலைக்கு ஹலோ அக்கா போய்ச் சேர்ந்தாளே என்று நான் கிண்டல் பண்ணுவேன். சிரித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு கூடப்பிறந்த அக்கா உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ரிட்டயரானவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளை எல்லாரும் நர்ஸம்மா என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அவர்களுடைய அம்மாவுக்கு முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் பெரியவள். வீட்டிலேயே கிடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சின்னவள். பெரியவள் சொன்னதுதான் நடந்தது. பெரியவள் வேறு யாருக்கோ நடந்த ஆபரேஷனில் நின்றுகொண்டிருந்தபோது, அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு மாடியில் அம்மா யாரும் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாள். வராந்தாவில் அத்தனை பேருக்கு முன்னால் சின்னவள் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் ஊசி போட்டியே, பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க உனக்கு நேரமில்லையா?"

பெரியவள் கையிலிருந்த துணிப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனவள்தான். காரியத்துக்கு வந்து மூலையில் நின்றாள், போனாள். அதற்கப்புறம் ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசவில்லை. வீம்பில் ஒருத்திக்கு ஒருத்தி இளைத்தவளில்லை. சமாதானம் பண்ணப் போய் நானும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஹலோ அக்கா சங்கத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"பெரியவ சாவி குடுத்துட்டுப் போயிருக்கா" என்றாள்.

"எங்க?"

"சங்கத்துலதான். நான் பேங்க் போயிருந்தப்போ வந்து செயலாளர்கிட்ட குடுத்திருக்கா. முட்டி ஆபரேஷனாம். மூணாவது மாடியில தனியா இருக்காளாம்."

"நீங்க அங்கதான் உட்கார்ந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா குடுத்தாங்க?"

"தெரியாம எப்படி இருக்கும்? ஊருக்கே தெரியுமே." பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "குடுத்தா குடுக்கட்டும். அத்தனை சாவியோட அதுவும் ஒரு சாவி" என்றாள்.

மறுநாள் காலை அவள் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் கிளம்பிப் போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு போன் மணி. மூன்றாம் மாடியிலிருந்து ஒரே ஒரு மணி அடிக்கும், உடனே நின்றுவிடும். அந்தச் சாவியை வலப்பக்கம் மாட்டிய பிறகுதான் இவள் டீ குடிப்பாள். வருஷக்கணக்கில் அக்கா தங்கச்சிக்குள் பேச்சு இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. அதுவாவது இருந்ததே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சங்கம் பெரிதாயிற்று. பக்கத்துத் தெருக்காரர்கள், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஒரே போன், ஒரே நேரத்தில் மூன்று பேர் அடித்தால் ஒருத்தர் கால்தான் விழும். மற்றவர்கள் வீட்டுக்கு வீணாக ஆள் போகும். இவளால் ஒரு நாள் லீவு போட முடியாது. காய்ச்சலோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். "இதுக்கெல்லாம் இப்போ கம்ப்யூட்டர் இருக்குங்க. மிஸ்டு காலை அதுவே எண்ணிக்கும்" என்று செயலாளரை நச்சரித்தவள் இவள்தான். செயலாளர் ரிட்டயரான பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் கொடுத்தாலும் அதற்கு மார்க் போடாமல் இருக்கத் தெரியாத மனுஷன்.

ஒரு பெரிய அறக்கட்டளை உதவ முன்வந்தது. கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் வந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தாள். மிஸ்டு கால் வந்தால் திரையில் அவர்கள் பெயருக்கு நேராகப் பச்சைப் புள்ளி. வராவிட்டால் ஒன்பது மணிக்குச் சிவப்பு. அதே நொடியில் பக்கத்தில் குடியிருக்கும் தொண்டர்களுக்குச் செய்தி போய்விடும். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். வந்த புதிதிலேயே, குளியலறையில் விழுந்து கிடந்த ஒரு பஸ் டிரைவரைச் சரியான நேரத்துக்குத் தூக்கினார்கள். பழைய பலகைச் சாவி முறையில் அது நடந்திருக்காது. அவர் இருந்தது ஊரின் அந்தக் கோடியில். ஹலோ அக்கா அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தாள்.

மணிச்சத்தம் மட்டும் போய்விட்டது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடந்தது. காலையில் அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்றாம் மாடிக்குப் பச்சை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். விழுந்ததும் டீ.

அறக்கட்டளை இன்னொரு உபகாரமும் செய்தது. ஒவ்வொருவருக்கும் இலவசமாக ஒரு பட்டன் போன். சங்கத்து எண் மட்டும் அதில் இருக்கும், ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அவர்கள் பெயர் போட்ட ஸ்டிக்கர் முதுகில். பேசுவதற்குச் சொந்த போன், இருக்கிறேன் என்று சொல்வதற்குச் சங்கத்து போன் என்று ஆளுக்கு இரண்டு போன் ஆயிற்று. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய வசதியாகத் தெரிந்தது!

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அதற்குப் பிறகுதான். அறக்கட்டளை மாதாமாதம் அறிக்கை கேட்டது. எத்தனை சதவீதம் பச்சை? செயலாளருக்கு அது போதாதா? பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்துவிட்டது. சங்கத்துச் சுவரில் சாவிப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய டிவியை மாட்டினார். சாவிகள் பீரோவுக்குள் போயின. எந்தக் கட்டடம் எத்தனை சதவீதம் என்று டிவியில் ஓடும். வாட்ஸ்அப்பில் உறுப்பினர்கள் எல்லாரும் உள்ள குழுவில் தினமும் ஒன்பது மணிக்கு "இன்றைய சிவப்பு" என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை வெளியிட்டார்.

"பேரை ஏன் சார் போடணும்? சிவப்புங்கறது தப்பு இல்லையே, உதவி தேவைன்னுதானே அர்த்தம்" என்று கம்ப்யூட்டர் பெண் கேட்டாளாம்.

"கொஞ்சம் கூச்சம் இருந்தாதான் ஒழுங்கா வருவாங்கம்மா" என்றாராம் இவர்.

உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதற்காக வைத்த கருவி. அதை வைத்துப் பரீட்சை நடத்திய மகானுபாவர் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஆனாலும் பலன் தெரிந்தது. சிவப்பு குறைந்தது, பச்சை ஏறியது. ஹலோ அக்காவுக்கும் சந்தோஷம்தான். வீணாக அலைய வேண்டியிருக்கவில்லை என்று தொண்டர்களுக்கும் சந்தோஷம்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் காலை மூன்றாம் மாடிக்குச் சிவப்பு விழுந்தது.

நான் அன்று சங்கத்தில்தான் இருந்தேன். ஹலோ அக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "நீங்க போங்க அக்கா, நான் கூட வரேன்" என்றேன். "எனக்குக் கால் வரலை" என்றாள். அது பயமா வீம்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெருத் தொண்டர்கள் இரண்டு பேர் சாவியோடு போனார்கள். அவர்கள் போன் வரும்வரை இவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒன்றுமில்லை. முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கியிருக்கிறாள். எழுந்து அவசரமாகக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தால், கூடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் நிற்கிறார்கள். அதற்குள் குழுவில் பெயர் வந்தாயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதியிருந்தான்: "அம்மா, கொஞ்சம் பொறுப்பாக இருங்கள். உங்களால் கட்டடத்தின் சதவீதம் குறைகிறது." வாழ்க்கையில் ஒரு நாள்கூட டியூட்டிக்குத் தாமதமாகப் போகாதவள் நர்ஸம்மா. அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

ஹலோ அக்கா செயலாளரிடம் போட்ட சண்டை கீழே மருந்துக் கடைவரை கேட்டது. "சிவப்புன்னா ஆள் போகணும். ஊர் சிரிக்கணும்னு இல்லை" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வாரம் பெயர் போடவில்லை. பிறகு மறுபடியும் போட்டார்.

ஆனால் மூன்றாம் மாடி அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. விடிந்தும் விடியாததுமாகப் பச்சை விழுந்துவிடும். அந்தக் கட்டடத்தில் சங்க உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். போகப் போக எல்லாருக்கும் அப்படித்தான், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகச் சடசடவென்று பச்சை. மாதம் முழுக்க ஒரு சிவப்புக்கூட இல்லை.

"இந்த பில்டிங்ல மட்டும் எல்லாரும் வரிசையா எழுந்திருக்கறாங்களே, அதிசயமா இருக்கு" என்று கம்ப்யூட்டர் பெண் ஒரு தடவை சொன்னாள்.

"அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்" என்றார் செயலாளர்.

ஹலோ அக்கா சிரித்தாள். "பெரியவ இருக்கற இடம் வேற எப்படி இருக்கும்? விசில் அடிச்சு எழுப்பிவிடுவா எல்லாரையும்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. பல வருஷத்தில் அக்காவைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நானும் சிரித்தேன். அங்கே இருந்த யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அறக்கட்டளைக்கு ஒரே குளிர்ச்சி. நூறு சதவீதப் பச்சைக் கட்டடத்துக்குச் சான்றிதழ், நேரில் வந்து தருகிறோம் என்றார்கள். கட்டடத்தின் முன்வாசலில் சின்ன விழா, உறுப்பினர்கள் எல்லாரும் கீழே இறங்கி வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

விழாவன்று காலை ஹலோ அக்கா மாடிக்கு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"இன்னைக்குப் பேசிடப் போறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்து எதுவும் கெடுத்துவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"அவளுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் அவ பாடு." புடவை மடிப்பை நீவிவிட்டாள். "ஆனா மொதல்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை."

"ஹலோன்னு ஆரம்பிங்க. உங்களுக்குப் பழக்கம்தானே" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

நாங்கள் போனபோது அறக்கட்டளைக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். மாலை, கேமரா, டீ. டிவித் திரையையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார் செயலாளர். மூன்றாம் மாடி நர்ஸம்மா உட்பட எல்லாப் பெயருக்கும் நேராக அன்றைய பச்சை. பெரியவர்கள் ஒவ்வொருவராக லிஃப்டிலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஹலோ அக்கா லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். நர்ஸம்மா வரவில்லை. "முட்டி வலியா இருக்கும், மெதுவா வருவாங்க" என்றேன்.

கேமராவுக்கு இடம் வேண்டுமென்று வாட்ச்மேனின் மேஜையை நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தும்போது அதன்மேல் போட்டிருந்த செய்தித்தாள் விலகிவிட்டது. அடியில் வரிசையாகப் பட்டன் போன்கள். முதுகில் ஸ்டிக்கர்.

ஹலோ அக்கா போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

வாட்ச்மேன் வயதில் பெரியவர், நல்ல மாதிரியான ஆள். ஒளிக்கத் தெரியவில்லை. "நான்தாம்மா காலைல எல்லாருக்கும் அடிச்சு விடறேன். அவங்களுக்கு மறந்துடுது. குரூப்ல பேர் வந்தா ரொம்ப வருத்தப்படறாங்க. நான் எப்படியும் முழிச்சுத்தானே இருக்கேன்" என்றார். ஏதோ உதவி செய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளர் அறக்கட்டளைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார்.

"மூணாவது மாடியில அவளைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

வாட்ச்மேன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வாரம் பார்க்கலைம்மா. ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன். மேல போய்ப் பார்க்கணும்னு ஒரு தடவை தோணுச்சு. ஆனா எப்படியும் சங்கத்துல பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பச்சையை அடித்தவரே அவர். அவரும் எங்களைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

சாவி சங்கத்துப் பீரோவில். "வந்தவங்களை அனுப்பிட்டு நிதானமா..." என்று செயலாளர் ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை. நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. டிவிக்கு வயர் இழுக்க வந்திருந்த எலக்ட்ரீஷியன் பூட்டை உடைத்தார். தனியாக யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்ற சட்டப்படி நாங்கள் இரண்டு பேர்தான் முதலில் உள்ளே போனோம்.

நர்ஸம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கிடந்தாள். போய்ச் சில நாள் ஆகியிருந்தது. விழுந்த உடனே உயிர் போகவில்லை, இடுப்பு எலும்பு முறிந்து ஒரு நாளாவது கிடந்திருப்பாள் என்று டாக்டர் பிறகு சொன்னார். கதவை நோக்கிக் கொஞ்ச தூரம் நகர்ந்து வந்திருந்தாள். அவளுடைய சொந்த போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. அவள் அங்கே கிடந்த காலைகளில் ஹலோ அக்கா பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக டீ குடித்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நான்தான் கையிலிருந்து வாங்கினேன்.

அறக்கட்டளைக்குச் செயலாளர் எழுதிய அறிக்கையை நான் படித்தேன். "கணினி அமைப்பு குறைபாடின்றி இயங்கியது. தவறு மனிதத் தலையீட்டால் நேர்ந்தது" என்று எழுதியிருந்தார். அந்த மனிதத் தலையீடு என்பது வாட்ச்மேன். அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குழுவில் பெயர் போட்டது யார், மார்க் போட்டது யார், பேசாத ஒரு போனைத் தனியாகக் கையில் கொடுத்தது யார் என்று அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

ஹலோ அக்கா சங்கத்தை விட்டு விலகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விலகவில்லை. இரண்டாவது வாரம் போய், முதல் வேலையாகச் சுவர் டிவியின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். இலவச போன்களைத் திரும்ப வாங்கினாள். தினமும் கையில் வைத்துப் பேசுகிற சொந்த போனிலிருந்துதான் மிஸ்டு கால் வர வேண்டும் என்றாள். சிவப்பு யாருடையது என்பது கதவைத் திறக்கப் போகிற இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் நேரில் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அறிக்கையில் பச்சையை எண்ணாதே, சிவப்புக்கு எத்தனை நிமிஷத்தில் ஆள் போனது என்பதை எண்ணு என்றாள். கம்ப்யூட்டர் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தாள். பயந்துபோயிருந்த செயலாளர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வேறு ஊர்ச் சங்கங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். "ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டுகிறார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். அவள் "ஆமாங்க" என்று மட்டும் சொல்வாள்.

பல மாதம் கழித்து ஒரு நாள் வாட்ச்மேனைத் தேடிப் போக வேண்டும் என்றாள். வேலை போன மனுஷன் பேரங்காடி ஒன்றின் பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் காவலுக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். இவள் அங்கே போய் அவரைக் கன்னத்தில் அறையப் போகிறாள், அல்லது மன்னிப்புக் கேட்கப் போகிறாள், இரண்டில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு கூடப் போனேன். எங்களைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். இவள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்" என்றாள். "மொதல்ல உங்ககிட்ட போனைக் குடுத்தது யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "நர்ஸம்மாதாம்மா."

நான் ஹலோ அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்குள்ள ஆளுங்க வந்தாங்களே, அதுக்கு மறுநாள். கீழ இறங்கி வந்து குடுத்தாங்க. 'நான் ஒரு நாள் அசந்து தூங்கிட்டா அங்க ஒருத்தி நெஞ்சு வெடிச்சுப் போயிடுவா. நீ எப்படியும் முழிச்சுத்தானே இருக்கே, நீயே அடிச்சு விட்டுடு'ன்னாங்க. அதைப் பார்த்துட்டுதான் மத்தவங்களும் குடுத்தாங்க."

"ஒருத்தின்னா? யாருன்னு சொன்னாளா?"

"தங்கச்சின்னு சொன்னாங்க."

வண்டிகள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தன. ஒருவன் ஹாரன் அடித்தான், அவர் கவனிக்கவில்லை. ஹலோ அக்காவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

"வேற ஏதாவது சொன்னாளா? என் மேல கோபம் இல்லைன்னு... ஒரு நாள் வந்து பேசணும்னு... அந்த மாதிரி ஏதாவது?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்துக் கெஞ்சினேன். சொல்லுங்களேன், சொன்னாங்கன்னு சொல்லுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

"இல்லம்மா" என்றார். "வேற ஒண்ணும் சொல்லலை."

ஒரு கட்டடத்துக்கே சேர்த்துத் தினமும் காலையில் பொய் சொன்ன மனுஷனுக்கு, இவளுக்காக ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.